ஆட்டு ஏலத்தை ஊர் பார்க்கத் திறந்தோம்

1. முதல் நாள்

ஆட்டு யார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். ஏலம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், மதுரையிலிருந்து ஒரு வியாபாரி போன் செய்தார். "மேடம், உங்க லைன்ல என்னமோ கரகரன்னு சத்தம் வருது. யாரோ அப்பளம் திங்கிற மாதிரியே இருக்கு" என்றார். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். எடை மேடையில் நின்ற கிடா, கேமரா பக்கத்தில் தொங்கிய மைக்கின் பஞ்சு உறையை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கிடாவுக்கும் எனக்கும் நடந்த இழுபறி முழுவதும், அன்று லாகின் செய்திருந்த அத்தனை வியாபாரிகளுக்கும் நேரலையில் போய்விட்டது. அந்தக் கிடா நல்ல விலைக்கு விற்றது. "நல்லா தீனி எடுக்குற ஆடு, நம்பி வாங்கலாம்" என்றாராம் எடுத்தவர்.

அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் டாக்குமென்ட் பார்த்தவள். கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், ஷிப்பிங் பில் என்று காலம் போயிற்று. அந்த அலுவலகத்தைச் சென்னைக்கு மாற்றியபோது நான் போகவில்லை. தூத்துக்குடியை விட்டுவிட்டுப் போய் அங்கே என்ன செய்வது? அப்போதுதான் துரைப்பாண்டி அண்ணாச்சி கூப்பிட்டார். அண்ணாச்சிக்குக் கருப்பட்டி மண்டி பரம்பரைத் தொழில். திருச்செந்தூர் சாலையில் ஒரு தென்னந்தோப்பை அழித்து ஷெட் போட்டு ஆட்டு யார்டு தொடங்கியிருந்தார். கொரோனா ஊரடங்கில் சந்தைகள் மூடிக் கிடந்த நேரம் அது. ஆடு இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது, இரண்டு பேரும் சந்திக்க வழி இல்லை. ஆன்லைனில் ஏலம் விட்டால் என்ன என்று யாரோ சொல்ல, கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியிடம் மென்பொருள் செய்து வாங்கிவிட்டார். அதை ஓட்ட ஆள் வேண்டும்.

"ஏம்மா ஸ்டெல்லா, கன்டெய்னருக்கு நம்பர் போட்டு ஏத்தி எறக்குனவ நீ. ஆட்டுக்கும் அதே வேலதான். ஒரே வித்தியாசம், இது கத்தும்" என்றார்.

கடிக்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

2. கண்ணாடி அறை

வேலை இதுதான். சனிக்கிழமை காலையில் சுற்று வட்டாரத்து ஆட்கள் ஆடுகளை டெம்போவில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும் காதில் வில்லை மாட்டி, டாக்டர் பார்த்து, லாட் நம்பர் கொடுப்போம். நம்பர் வரிசைப்படி ஆடு எடை மேடையில் ஏறும். முன்னால் ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒன்று. உயிர் எடை திரையில் தெரியும். ஆரம்ப விலையை நான் போடுவேன். டெபாசிட் கட்டிப் பதிவு செய்த வியாபாரிகள் மதுரையிலும் நாகர்கோவிலிலும் உட்கார்ந்துகொண்டு மொபைலிலேயே ஏலம் கேட்பார்கள். கடிகாரம் முடிந்ததும் கடைசியாகக் கேட்டவருக்கு ஆடு.

நான் இருந்தது கண்ணாடி அறையில். ஏசி உண்டு, கதவு சாத்தியே இருக்கும். ஆட்டுக்காரர்கள் வெளியே ஷெட்டில் நிற்பார்கள். அவர்களுக்குத் திரை தெரியாது. ஏலம் முடிந்ததும் ஒரு சீட்டில் கடைசி விலை வரும், அவ்வளவுதான்.

பேச்சியம்மாள் என்கிற பெண் சனிக்கிழமை தவறாமல் வருவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்து ஊர். கொடி ஆடு வளர்ப்பவள். கொடி ஆடு நம்முடைய இந்தக் கடற்கரைப் பக்கத்து இனம். உயரமாய், நீளக் காலாய் இருக்கும். வெள்ளை உடம்பில் கறுப்பைத் தெளித்ததுபோல் இருந்தால் கரும்போறை, சிவப்பைத் தெளித்ததுபோல் இருந்தால் செம்போறை. பேச்சியம்மாளிடம் இருந்தவை எல்லாம் செம்போறை. ஒருநாள் அவள் கண்ணாடியைத் தட்டினாள். திறந்தேன்.

"யக்கா, என் கெடாவ எத்தன பேரு கேட்டாவ?"

"ஆறு பேரு கேட்டாங்க."

"மொத எவ்வளவுக்குக் கேட்டாவ? எங்கன வந்து நிப்பாட்டுனாவ? நான் பாக்கக் கூடாதா?"

"கடைசி ரேட்டு சீட்டுல வந்துரும்லா?"

"சீட்டு வரும். நீங்க உள்ள என்ன செஞ்சியன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் வளத்த கெடா. அத எவனோ எந்த ஊர்லயோ இருந்து பாக்கான். நான் ரெண்டு அடி தள்ளி நின்னு கண்ணாடியப் பாத்துட்டு நிக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். நான் பிறந்தது புன்னைக்காயல். எங்கள் கரையில் மீன் ஏலம் மணலில்தான் நடக்கும். வாங்குகிறவர் நிற்பார், வாங்காதவரும் நிற்பார். பள்ளிக்கூடம் போகிற வழியில் நாங்கள் நின்று பார்த்திருக்கிறோம். யாரும் எங்களிடம், உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டதில்லை. இங்கே சொந்த ஆட்டை விற்க வந்தவளையே வெளியே நிறுத்தி வைத்திருந்தோம்.

3. லிங்க்

அண்ணாச்சியிடம் சொன்னேன். முதலில் அவர் கேட்டது, "ஊர்க்கூட்டம் உள்ள வந்து நாற்காலிய ஒடச்சா யாரு பொறுப்பு?" என்பதுதான். உள்ளே விட வேண்டாம், ஷெட்டில் ஒரு டிவி மாட்டுங்கள் என்றேன். மாட்டினார். முதல் சனிக்கிழமையே வித்தியாசம் தெரிந்தது. ஆட்டுக்காரர்கள் டிவியின் கீழே கூடி நின்றார்கள். விலை ஏற ஏறக் குரலும் ஏறும். ஆட்டுக்குச் சொந்தக்காரரைச் சுற்றி நின்று, "இன்னும் வருவான், இன்னும் வருவான்" என்பார்கள். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. ஏலத்தில் சந்தேகம் என்று வருகிற சண்டை நின்றது.

அதற்குப் பிறகு நானே அடுத்ததையும் கேட்டேன். ஷெட்டுக்கு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கட்டுமே. ஏலம் கேட்க முடியாது, பார்க்க மட்டும். டெபாசிட், ஓடிபி எதுவும் வேண்டாம். லிங்கைத் தொட்டால் ஏலம் தெரிய வேண்டும். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒத்துக்கொண்டது. ஆனால் முதல் வாரம் பார்வையாளர் கூட்டத்தில் வியாபாரிகள் பக்கம் மாட்டிக்கொண்டது. "மேடம், நான் கேக்கும்போது வட்டம் சுத்திட்டே இருக்கு" என்று ஒருவர் மாற்றி ஒருவர் போன். பிறகு கம்பெனிக்காரர்கள் இரண்டு லைனாகப் பிரித்தார்கள். வியாபாரிகளுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. ஊர் லைன் சில விநாடி தாமதமாக ஓடும். பார்க்கிறவருக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

யார் பார்க்கப்போகிறார்கள் என்று அண்ணாச்சி கேட்டார். எனக்கும் தெரியாது. ஆனால் பார்த்தார்கள். குரும்பூர் பக்கம் ஒரு டீக்கடையில் சனிக்கிழமை கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு எங்கள் ஏலத்தைப் போடுகிறார்கள் என்று ஆடு கொண்டுவந்தவர் சொன்னார். எங்கள் பங்குச் சாமியார் பார்க்கிறார் என்று என் அண்ணன் சொன்னான். துபாயில் டிரைவராக இருந்தவர் ஒருவர் போன் செய்து, "அக்கா, அந்த ரெண்டாவது கரும்போறை பின்னங்கால ஊனி வைக்க மாட்டேங்குது, பாத்தீங்களா?" என்றார். டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம். குளம்பில் கருவேல முள். எடுத்துவிட்டு ஏலம் தொடர்ந்தது. பேச்சியம்மாளின் மகன் இசக்கிமுத்து சரக்குக் கப்பலில் இருந்தான். அவனும் நெட் கிடைக்கிற துறைமுகத்தில் எல்லாம் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்வானாம். "இன்னைக்குச் செம்போறைக்கு நல்ல ரேட்டுன்னு நான் வீடு போய்ச் சேருமுன்ன அவன் சொல்லுதான், யக்கா" என்று அவளுக்குப் பெருமை.

4. வியாபாரிகள் வராத சனிக்கிழமை

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. எங்களிடம் அதிக ஆடு எடுப்பவர் காயல்பட்டினத்து சாகுல் பாய். நேர்மையான மனிதர். கேட்ட விலையிலிருந்து பின்வாங்க மாட்டார். அவர் ஒருநாள் நேரிலேயே வந்தார்.

"ஸ்டெல்லாம்மா, இந்த ஊர் லைன நிப்பாட்டுங்க. கடையில கறி வாங்க வாரவன் செல்போன நீட்டுதான். 'பாய், இந்தக் கெடாய நீங்க இவ்வளவுக்குத்தான எடுத்தீங்க, கறி ஏன் இந்த வெல'ங்கான். தோலு போவும், குடலு போவும், லாரிக்காரனுக்குக் குடுக்கணும், கடைப் பையனுக்குக் குடுக்கணும். அதெல்லாம் உங்க டிவியில தெரியுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வாங்குகிறவர் பெயர் திரையில் கொட்டை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி யோசித்துச் சொல்கிறேன் என்றார். அண்ணாச்சி யோசிக்கிற வேகம் வியாபாரிகளுக்குப் போதவில்லை. அடுத்த சனிக்கிழமை ஒருவரும் லாகின் செய்யவில்லை.

ஷெட் நிறைய ஆடு. முதல் லாட்டை ஏற்றி ஆரம்ப விலையைப் போட்டேன். கடிகாரம் ஓடி முடிந்தது. யாரும் கேட்கவில்லை. இரண்டாவது லாட்டும் அப்படியே. ஒரு கிழவர் தன் ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு டெம்போவைப் பார்த்தார். அண்ணாச்சி கண்ணாடி அறைக்குள் வந்தார்.

"மூடிருவோம்மா. ஊர் லைன மூடிட்டுப் பாய்க்குப் போன் போடு. ஆட்ட இப்பிடியே திருப்பி அனுப்பினா நாளைக்கு எவனும் நம்ம வாசல மிதிக்க மாட்டான்."

ஊர் லைனை மூடுகிற பட்டன் மேல் என் கை இருந்தது. அப்போது அலுவலகப் போன் அடித்தது. நாசரேத்துப் பக்கத்திலிருந்து ஒருவர். சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கிடா தேடிக்கொண்டிருக்கிறார்களாம். "யாரும் கேக்க மாட்டேங்காங்களே, நாங்க கேக்கலாமா?" என்றார். கேட்கலாம், பதிவு செய்யுங்கள் என்றேன். அவர் பதிவை நான் போனிலேயே சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தேன். அடுத்து ஒரு பெண். ஸ்ரீவைகுண்டம். பண்ணை தொடங்கப்போகிறாள், சினை ஆடு வேண்டும். இத்தனை நாளும் விலை படிக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பிறகு ஒரு விடுதி மெஸ்காரர். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வாங்க வந்தார்கள். பெரிய கூட்டம் இல்லை, ஆனால் மேடையில் ஏறிய ஆட்டுக்கு விலை கேட்க ஆள் வந்துவிட்டது. அண்ணாச்சி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் சாகுல் பாய் போன்.

"என்ன ஸ்டெல்லாம்மா, அந்த வெள்ளக் கெடா நல்ல எடை. அத இவ்வளவு கம்மியா விட்டுட்டீங்களே!"

"பாய், நீங்க லாகின் பண்ணலையே. எப்பிடிப் பாத்தீங்க?"

பாய் மாட்டிக்கொண்டார். பிறகு அவரே சிரித்துவிட்டார். ஊர் லைனில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் மட்டும் இல்லை, வராத வியாபாரிகள் அத்தனை பேரும் அதில்தான் இருந்தார்கள். அன்று பார்வையாளர் கூட்டம் ஏன் கூடியிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நான் போனை அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.

"பாய், ஊரு பாக்கட்டும். ஆனா யாரு வாங்குதாங்கன்னு தெரியாம நம்பர் மட்டும் போட்டுருதோம். சரிதானா?"

"அத மொதல்லயே சொல்லியிருந்தா எனக்கு அந்த வெள்ளக் கெடா கெடச்சிருக்கும்" என்றார் பாய்.

ஒருவர் பின் ஒருவராக லாகின் ஆனார்கள். கொண்டுவந்த ஆட்டில் ஒன்றிரண்டு தவிர எல்லாம் விற்றன.

5. பேச்சியம்மாள் வந்து கேட்டது

அதற்குப் பிறகு சில மாதம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் வந்தாள். ஆடு இல்லாமல் வந்தாள். தலை வாரவில்லை, கையில் ஆஸ்பத்திரிப் பை.

"யக்கா, நாளைக்கு என் ஆடு அம்புட்டையும் கொண்டாரேன். அத ஊரு பாக்குற லைன்ல போடாதீங்க."

தன் ஆட்டைப் பார்க்க வேண்டும் என்று கண்ணாடியைத் தட்டியவள் அவள். உட்காரச் சொல்லி விசாரித்தேன். அவள் புருஷன் மழையில் ஸ்கூட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து திருநெல்வேலியில் கிடக்கிறார். ஆபரேஷன் முடிந்துவிட்டது. ஆனால் நடக்க நாளாகும். அவள் கூடவே இருக்க வேண்டும். ஆட்டை மேய்க்க ஆள் இல்லை.

"எல்லாத்தையும் வித்தாத்தான் நான் அவிய பக்கத்துல இருக்க முடியும். ஆனா இசக்கி பாத்துட்டான்னா? அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. தெரிஞ்சா அடுத்த துறைமுகத்துல எறங்கி வந்துருவான். எத்தன ஆபீஸ் ஏறி எறங்கிக் கெடச்ச வேல யக்கா!"

துறைமுகத்தில் இருந்தவள் என்பதால் அவள் சொன்னதன் எடை எனக்குத் தெரியும். கான்ட்ராக்டின் நடுவில் இறங்குகிற சின்னப் பையனை அடுத்த கப்பலுக்குக் கூப்பிட யோசிப்பார்கள். அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் வருத்தப்பட்டார், ஆனால் முடியாது என்றார். "ஒருத்தருக்கு மறைச்சா நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு காரணம் சொல்லுவாங்க. பாயும் கேப்பாரு."

பேச்சியம்மாள் விடவில்லை. "வாங்குதவிய பேர நம்பராக்கிட்டிய. விக்கிறவ பேரு மட்டும் எதுக்கு அண்ணாச்சி ஓடணும்?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை விற்பவர் பெயர் எல்லா லாட்டிலிருந்தும் எடுக்கப்பட்டுவிட்டது. அவளுடைய ஆடுகளை முதலில் ஏற்றுவதாகவும் சொன்னேன். அந்த நேரத்தில் இசக்கிக்குக் கப்பலில் டியூட்டி, பார்க்க மாட்டான் என்றாள்.

அவளுடைய குட்டிகள் இரண்டும் முதலில் போயின. மூன்றாவதாகத் தாய் ஆடு ஏறியது. அதன் பெயர் சிட்டு. தாய் செத்துப்போன குட்டியாக இருந்தபோது இசக்கி புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. நெற்றியில் வாதாம் இலை மாதிரி ஒரு சிவப்புத் திட்டு. பெயரை எடுத்தோம், முகத்தை என்ன செய்வது? அது நேரே கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றது. சாகுல் பாய் நல்ல விலைக்குக் கேட்டிருந்தார். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. யார்டு மொபைலில் வாட்ஸப் கால். தெரியாத நம்பர்.

"ஆட்டு யார்டா? ஏலத்த நிப்பாட்டுங்க! அது எங்க ஆடு! எவனோ களவாண்டு கொண்டாந்துருக்கான்!"

"யாரு பேசுதது?"

"இசக்கி. பேச்சியம்மா மவன். இன்னைக்கு டூட்டி மாறிட்டு, பாத்துட்டு இருந்தேன். எங்க அம்மா வித்தா பேரு வரும்லா? பேரே இல்ல. வீட்டுக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்காங்க. முன்னால போன குட்டியும் எங்களுதுதான். அக்கா, தயவுசெஞ்சு நிப்பாட்டுங்க, நான் போலீசுக்குச் சொல்லப் போறேன்."

அவன் பார்ப்பது சில விநாடிக்கு முந்தின காட்சி. எனக்கு முன்னால் கடிகாரம் முடிகிற தறுவாயில் இருந்தது. ஏலத்தை நிறுத்தினேன். பெயரை மறைத்தால் அவன் கண்ணுக்குப் படாது என்று நினைத்தோம். பெயரை மறைத்ததாலேயே பையன் திருட்டு என்று பதறுகிறான். "ஒரு நிமிஷம் இரு தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன்.

பேச்சியம்மாள் ஷெட்டுத் தூணில் சாய்ந்து நின்றாள். அவள் போன் ஆஸ்பத்திரியில் புருஷனிடம் இருந்தது. அவர் மகனின் நம்பரைப் பார்த்துவிட்டு எடுக்காமல் வைத்திருந்தாராம்.

"இசக்கி லைன்ல இருக்கான். ஆட்டக் களவாண்டுட்டாங்கன்னு போலீசுக்குப் போறேங்கான்."

"நான் இங்க இல்லன்னு சொல்லிருங்க."

"சொல்லுதேன். அப்ப இந்த ஆட்ட யாரு கொண்டாந்தான்னு கேப்பான். நான் என்ன பேரு சொல்ல?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

"ஏலே இசக்கி... களவும் இல்ல ஒண்ணும் இல்ல. நான்தான்டே."

அந்தப் பக்கம் அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவள் நடந்ததைச் சொன்னாள். ஸ்கூட்டி, மழை, ஆபரேஷன். "நல்லாயிட்டாவடே, இட்லி சாப்பிட்டாவ காலைல" என்றாள். பிறகு நெடுநேரம் அவன் பேசினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினாள், அவனுக்குத் தெரியும் என்பதுபோல. "நீ எறங்க மாட்டேன்னு மட்டும் எனக்குச் சொல்லு. அத மட்டும் சொல்லு." மறுபடி கேட்டாள். "சத்தியமா? ... சரி. ... சிட்டுவயா? அத யாருடே மேய்ப்பா? ... சித்தி வீட்லயா? ... சரி, கேட்டுப் பாக்கேன்."

என்னிடம் திரும்பினாள். முகம் காலையில் பார்த்த முகம் இல்லை. ஏதோ ஒரு மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி இருந்தாள். "யக்கா, மத்ததெல்லாம் போவட்டுங்கான். சிட்டுவ மட்டும் வச்சிக்கிடலாமாங்கான். தங்கச்சி வீட்ல கட்டிப்போட்டா அவ பாத்துக்கிடுவா."

யார்டு விதிப்படி, ஒருவர் விலை கேட்ட பிறகு அவர் சம்மதம் இல்லாமல் ஆட்டை இறக்க முடியாது. சாகுல் பாய்க்குப் போன் செய்து, நடந்ததைச் சொன்னேன்.

"நான் சொன்னேனா இல்லயா, ஊரப் பாக்க விடாதீங்கன்னு! இப்பப் பாருங்க, கப்பல்லேர்ந்து ஒருத்தன் ஏலத்த நிப்பாட்டுதான்" என்று ஆரம்பித்தார். அதற்குள் அவர் குரலே இறங்கியது. "பையன் எப்பிடி இருக்கான்? அழுதானா?" என்று கேட்டார்.

"தெரியல பாய். அம்மா அழுதாங்க."

"எறக்கிருங்க. நான் கேட்டத வாபஸ் வாங்கிக்கிட்டேன். அந்த அம்மாட்ட சொல்லுங்க, அது அடுத்தால போடுற குட்டி கெடான்னா எனக்குத்தான் தரணும்."

சிட்டு மேடையை விட்டு இறங்கியது. ஊர் லைனில் இருந்தவர்களுக்கு ஆடு ஏன் வெகுநேரம் நின்றது, ஏன் விற்காமல் இறங்கியது என்று ஒன்றும் புரிந்திருக்காது. அன்று முழுக்கப் போன் செய்து கேட்டார்கள். "ஆட்டுக்காரங்க மனசு மாறிட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

6. அதிலிருந்து

இசக்கி இறங்கவில்லை. கான்ட்ராக்டை முடித்துவிட்டுத்தான் வந்தான். ஊருக்கு வந்ததும் யார்டுக்கு வந்தான். போனில் போலீஸ் போலீஸ் என்று கத்தினவன், நேரில் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டு நிற்கிற பையனாக இருந்தான். அப்பா ஊன்றுகோலோடு நடக்கிறார் என்றான். "அன்னைக்கு எனக்குத் தெரியாமலே முடிஞ்சிருந்தா, அப்புறம் தெரியும்போது அம்மா மேல கோவம்தான் வந்திருக்கும்" என்றான். நான் மறக்காமல் வைத்திருக்கிற வார்த்தை அது.

அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்து பேசி விதிகளைத் திருத்தினோம். ஆடும் எடையும் விலையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாங்குகிறவர் பெயரும் விற்கிறவர் பெயரும் வெளியே தெரியாது. இது எங்கள் ஆடு என்று யாராவது சொன்னால் ஏலத்தை நிறுத்தி விசாரிப்போம். இவையெல்லாம் எழுதி ஒட்டிய விதிகள்.

எழுதாத விதி ஒன்றும் உண்டு. ஆடு மேடை ஏறுமுன் விற்பவரிடம் கேட்க வேண்டும்: "இத உங்க வீட்ல யாராவது செல்லுல பாப்பாங்களா? அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" இந்த மாதிரி வேலைக்கு வருகிற இளைய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். எல்லோரும் பார்க்கட்டும் என்று கதவைத் திறப்பது நல்ல காரியம், அதற்காகச் சண்டை போடுங்கள். ஆனால் திறந்த பிறகு யார் வந்து பார்ப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அதில் விற்கிறவரின் உறவு ஒருவர் இருப்பார். அவர் நம் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. வீட்டு ஆள் வாயால் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது நான் வேலையில் இல்லை. மகாலட்சுமி என்கிற பெண் பார்க்கிறாள், என்னைவிட வேகம். சனிக்கிழமை காலையில் காபியை வைத்துக்கொண்டு நான் ஊர் லைனைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். போன மாதம் ஒரு கரும்போறையை ஏற்றினார்கள். கடிகாரம் தொடங்கவில்லை. மகாலட்சுமி யாரிடமோ அந்தக் கேள்வியைக் கேட்பது மைக்கில் கேட்டது. பதில் சொன்னது ஒரு வயதான ஆண் குரல்.

"இருங்கம்மா. பேத்தி ஆஸ்டல்ல இருந்து பாப்பா. அவளுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துருதேன்."

ஆடு மேடையில் நின்று அசைபோட்டது. விலை ஓடவில்லை. திரையின் ஓரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை. அவர் பேசி முடித்து வரும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.